பெரியவன் மணலுக்குள் போய் முப்பத்தெட்டு நாள்

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
29.5.2025, வியாழக்கிழமை.

அன்பு மகன் ஆண்ட்ரூசுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், நீ விட்டுப்போன மூன்று சங்கு நண்டுகளில் கண்ணுக்குத் தெரிகிற இரண்டும் சுகமாக இருக்கிறோம். நீ சிங்கப்பூரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நாள் முழுக்க மீன்தொட்டித் தண்ணீரில் கிடக்கிற கைக்கு ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இல்லை என்று மட்டும் பதில் எழுதிவிடாதே. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்கு இது என்ன திடீரென்று கடிதம் என்று கேட்பாய். எனக்கு ஸ்பீக்கர் போட்டால்தான் காது கேட்கிறது, ஸ்பீக்கர் போட்டால் வீடு முழுக்கக் கேட்கிறது, வீட்டில் உன் அப்பா இருக்கிறார். அதனால் அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் விராலிமலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பிரகதீஸ்வரியிடம் கொடுத்தால் அவள் ஸ்கேன் பண்ணித் தன் போனிலிருந்தே உனக்கு அனுப்பிவிடுவாள். ஒரு வரிகூடப் படிக்க மாட்டேங்கம்மா என்று முருகன் மேல் சத்தியம் பண்ணியிருக்கிறாள். படிக்காமல் இருக்க மாட்டாள், படித்தால் படிக்கட்டும், நம்மிடம் என்ன ராஜ ரகசியமா இருக்கிறது.

சேதி பெரியவனைப் பற்றி. மூன்றில் பெரிய நண்டைத்தான் நான் பெரியவன் என்கிறேன், நீ வைத்த இங்கிலீஷ் பெயர் எதுவும் என் வாயில் நுழையவில்லை, பெரியவன், நடுவுலான், சின்னவள் என்று நானே வைத்துக்கொண்டேன். அந்தப் பெரியவன் ஈஸ்டருக்கு மறுநாள் தொட்டி மணலுக்குள் இறங்கினான். இன்றைக்கு முப்பத்தெட்டு நாள், இன்னும் வெளியே வரவில்லை. அவன் செத்துவிட்டான், நான்தான் கொன்றுவிட்டேன் என்று உன் அப்பா முடிவே கட்டிவிட்டார். வருகிற திங்கட்கிழமை மணலைத் தோண்டிப் பார்க்கப்போகிறார். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனில் பேசப்போகிறார். ஆமாம், உன்னோடுதான், தப்பாகப் படிக்கவில்லை. மூன்று வருஷமாக உன் பேரைக்கூட வாயால் சொல்லாத மனுஷர். அந்தப் பேச்சு ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டே படிக்காமல் ஒரு இடத்தில் உட்கார்ந்து படி.

போன செப்டம்பரில் பிளேன் ஏறுவதற்கு நாலு நாள் முன்னால் அந்தக் கண்ணாடித் தொட்டியையும் நண்டுகளையும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் சென்னையிலிருந்து கொண்டுவந்து நடு அறையில் இறக்கினாய். அந்த நாலு நாளும் அவர் வயலே கதி என்று கிடந்தார், சோற்றுக்கு மட்டும் வந்தார், நீ ஏறின பஸ் திரும்பின பிறகுதான் வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றினார். உனக்குக் கோபம் இருக்கும், எனக்கும் வயிறு எரிந்தது. ஆனாலும் அவர் பக்கத்தையும் ஒரு தடவை நினைத்துப் பார். ஜெகதாப்பட்டினத்து ஐஸ் பிளாண்ட்டில் இருபத்தேழு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர், வாரத்துக்கு ஒரு நாள் விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வந்து போனவர். ரிட்டையர் ஆன அன்றைக்கு முதலாளி சோலையப்பன் மாலையைப் போட்டு, ஒங்க மகனையே இந்த வேலைக்கு விட்டுட்டுப் போங்க பங்கிராஸ் என்று சொன்னார். இவரும் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று தலையை ஆட்டிவிட்டார். நீ அத்தனை பேர் முன்னால், எனக்கு வேணாம், நான் சென்னையில மீன்தொட்டிக் கடையில சேந்துட்டேன் என்றாய். கேட்காமல் வாக்குக் கொடுத்தது அவர் தப்பு, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாமல் சபையில் சொன்னது உன் தப்பு. இரண்டு பேர் தப்புக்கும் நடுவில் மூன்று வருஷம் கிடந்து அல்லாடினவள் நான். இன்னைக்கு போன் வந்துச்சா என்பார், வந்தது என்பேன், ம் என்பார், அதோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முதல் நாலு மாசம் நண்டுகளை நான் மட்டும்தான் பார்த்தேன். அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளைப் பார்த்தவளுக்கு மூன்று நண்டு பெரிதில்லை என்று நினைத்தேன், ஆனால் பிள்ளைகள் பசித்தால் அழும், இதுகள் எதற்கும் வாயைத் திறக்கவில்லை. உன் நோட்டில் எழுதியபடி அஞ்சு பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னை நார்த்தூள் கலந்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கிற அளவுக்கு நனைத்து, முழங்கையில் பாதி உயரத்துக்குப் போட்டேன். நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், உப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம், இரண்டிலும் ஏறி வருவதற்குக் கூழாங்கல். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கிறது என்று நீ பயமுறுத்தியிருந்தாய், அதனால் நம் கிணற்றுத் தண்ணீர்தான். தேங்காய்ச் சில், முட்டை ஓட்டுப் பொடி, உப்புப் போடாத கருவாட்டுத் துண்டு, முருங்கைக் கீரை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுவேன். தை மாசம் காற்று வறண்டதும் மூன்றும் சங்குக்கு வெளியே காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சோர்ந்து கிடந்தன. நீ வைத்த மீட்டர் ஈரம் ஐம்பத்தஞ்சு என்று காட்டியது, எண்பது பக்கம் இருக்க வேண்டும் என்று நோட்டில் இருக்கிறது. நான் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கை ஓய்ந்துபோனேன். அப்போதுதான் அந்தப் பக்கம் போனவர் நின்று பார்த்து, மூடிக்கு ஓரம் கட்டாம தண்ணியத் தெளிச்சா எங்கிட்டு நிக்கும், கதவத் தொறந்து போட்டுட்டு ஐஸ் போடுற கததான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்தில் மீன் பெட்டித் தெர்மோகோலைப் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டுவந்து மூடியைச் சுற்றி அடைத்தார். சாயங்காலத்துக்குள் மீட்டர் எழுபத்தாறு.

அதற்குப் பிறகு நான் தொட்டிப் பக்கம் போனால் தள்ளு என்கிறார். உன் மீட்டரை நம்பவில்லை. இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றின் அடியில் ஈரத் துணியைச் சுற்றி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார், பிளாண்ட்டில் அப்படித்தான் பார்ப்பார்களாம். பழைய லாக் புக் ஒன்றில் கோடு போட்டு நேரம், சூடு, ஈரம், கையெழுத்து என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதுகிறார். யாருக்குக் கையெழுத்துப் போடுறீங்க என்று கேட்டேன், பழக்கம் என்றார். ஆனால் உன் நோட்டை மட்டும் கையால் தொட மாட்டார். இந்தா, ஒம் மகன் என்னமோ எழுதி வச்சிருக்கானே, வாசி என்பார், நான் வாசிக்க வேண்டும், அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்பார். புகை ஆகாது என்று ஒரு நாள் வாசித்தேன். அன்றோடு அந்த அறையில் கொசுவர்த்திச் சுருள் கிடையாது, பீடியையும் எடுத்துக்கொண்டு ரோட்டுப் புளியமரத்தடிக்குப் போகிறார். வீட்டுக்குள்ள குடிக்காதீங்க என்று முப்பது வருஷம் நான் கத்தியிருக்கிறேன், மூன்று நண்டு சொல்லாமலே கேட்டுக்கொண்டார். சிரிப்பாகவும் வந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

நீ விட்டுப்போன கடல் உப்புப் பாக்கெட் தீர்ந்ததும் ஒரு கூத்து. உப்புத் தண்ணி கலக்க எனக்குச் சொல்லித் தரணுமா, டன் கணக்கா உப்புத் தண்ணி பாத்தவன் என்று சமையல் உப்பை அள்ளிப்போட்டு, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தில் ஊற்றினார். ஒரு நண்டுகூடக் கிட்டே போகவில்லை. அயோடின் போட்ட உப்பு ஆகாது என்று நோட்டில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். மறுநாள் காலை பத்து லிட்டர் கேன் இரண்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார், புதுக்கோட்டை, அறந்தாங்கி, மீமிசல், மூன்று பஸ் மாறி. திரும்பி வருகிறபோது கேனில் என்ன என்று கண்டக்டர் கேட்க, கடல் தண்ணி என்று இவர் சொல்ல, கடல் தண்ணிய யாருங்க ஊருக்குத் தூக்கிட்டுப் போறா, உள்ள டீசலா என்று அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்திருக்கிறார். நண்டுக்குங்க என்றாராம். கொழம்புக்கு இவ்வளவு தண்ணியா என்றாராம். புதுக்கோட்டை வரைக்கும் சண்டை. இப்போது அந்தக் கண்டக்டரே நண்டு எப்படி இருக்குங்க என்று விசாரிக்கிறாராம். தண்ணீரோடு காலிச் சங்குகளும் பொறுக்கி வருகிறார், வாய் வட்டமாக இருப்பதாகப் பார்த்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, சிறிசு பெரிசாக வரிசை கட்டி வைத்திருக்கிறார்.

மார்ச்சில் அப்படிப் போனபோதுதான் மீமிசல் பஸ் ஸ்டாண்டில் சோலையப்பனைப் பார்த்திருக்கிறார். மூன்று வருஷமாக அவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் ஜெகதாப்பட்டினம் பக்கமே போகாமல் இருந்தார், அங்கே வந்து மாட்டிக்கொண்டார். சோலையப்பன் தோளில் கையைப் போட்டு, பிளாண்ட்ட தீபாவளியோட மூடியாச்சு பங்கிராஸ், மெஷினையெல்லாம் கழட்டிக் குடுத்தாச்சு, ஒங்க மகன் சூதானமாப் பொழச்சுக்கிட்டான் என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்கு உடனே தெரியாது, ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, பிளாண்ட்ட மூடிட்டாங்களாம் என்று மட்டும் சொன்னார், சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து ஒம் மகன் நண்டு என்பது போய் நம்ம பெரியவன் என்று ஆனது. நான் காதில் விழாத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன், ஈஸ்டருக்கு முந்தின நாள். நான் கோயிலைக் கழுவப் போயிருந்தேன். உச்சி வெயில், கரண்ட் இல்லை, ஃபேன் நின்றுபோய் அறை அடுப்பாகக் கொதித்திருக்கிறது, தொட்டிக்குள் முப்பத்திநாலு. முப்பதுக்கு மேல் போனால் ஆபத்து என்று நான் வாசித்திருந்தது மனசில் இருந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள், தொட்டியைத் தூக்கிப் பின்கட்டு நிழலில் வைத்திருப்பார்கள். உன் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு விராலிமலைக்குப் பறந்து, ஜூஸ் கடையில் அஞ்சு கிலோ ஐஸ் பாளம் வாங்கி, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தொட்டிக்குள்ளேயே இறக்கிவிட்டார். இருபத்தேழு வருஷப் பழக்கம் அய்யா, சூடு என்றால் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அது. ஒரு மணி நேரத்தில் முப்பத்திநாலு பத்தொன்பது ஆகிவிட்டது. ஐஸ் உருகி மணல் சேறாகிவிட்டது. நான் வந்து பார்க்கிறேன், தரையில் உட்கார்ந்து டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருக்கிறார், நண்டு மூன்றும் துணி மேல் அசையாமல் கிடக்கின்றன. ஐஸ் போட்டே பொழச்சவன், ஐஸ் வச்சே கொன்னுட்டேன் அருளு என்றார். அவர் அம்மா செத்தபோதுகூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

மணலை முழுக்க மாற்றினோம். நண்டுகளை அகலச் சட்டியில் ஈரத் துணி போட்டு மெல்ல மெல்ல வெதுவெதுப்புக்குக் கொண்டுவந்தோம். சாயங்காலத்துக்குள் மூன்றும் கொம்பை ஆட்டின. மறுநாள் ஈஸ்டர் அன்றைக்கு நடுவுலானும் சின்னவளும் தேங்காய் தின்றுகொண்டிருக்க, பெரியவன் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கிப்போய் உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. திங்கட்கிழமை காலை மூலையில் குழி பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். சாகப் போயிட்டான் என்றார் இவர். லாக் புக்கில் அன்றைக்குப் பெரியவன் என்று புதுசாக ஒரு கட்டம் போட்டார். அதில் தினமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். முப்பத்தெட்டு நாளுக்கு முப்பத்தெட்டு இல்லை, நான் எண்ணிப் பார்த்தேன்.

இனிமேல் சொல்வது நான் செய்த காரியம். உன் நோட்டில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் தோல் உரிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறாய், பெரிய நண்டு உரிக்கப் போனால் ஒரு மாசம், சிலபோது இரண்டு மாசம்கூட மணலுக்குள் இருக்கும், என்ன ஆனாலும் தோண்டக்கூடாது, பாதியில் தோண்டினால் செத்துவிடும், செத்திருந்தால் வாடையிலேயே தெரியும் என்று. அது எனக்கு முதல் நாளே தெரியும். இருபதாவது நாள் உன் அப்பா வந்து, மணலுக்குள்ள போனா எத்தன நாள்ல வரும்னு எழுதிருக்கானா, வாசி என்றார். பக்கத்தை எடுத்துவிட்டேன், வாயையும் திறந்துவிட்டேன், வந்தது என்ன தெரியுமா, அது இதுல இல்லீங்களே, அவனத்தான் கேக்கணும் என்று வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அப்ப நீயே போன்ல கேட்டுச் சொல்லு என்றார், ஈரம் சூடெல்லாம் எனக்குக் கேக்கத் தெரியாது, நீங்களே கேளுங்க என்றுவிட்டேன். சொன்ன பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நாலு நாள் கழித்து அவரே திருட்டுத்தனமாகப் பீரோவில் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தார், நான் அதற்கு முன்னாலேயே அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன், இப்போதைக்கு இல்லை, காரியம் முடியட்டும்.

தினமும் காலையில் மூடியைத் திறந்து மணலை மோந்து பார்க்கிறேன். ஈர மண் வாசனைதான் வருகிறது, கெட்ட வாடை இல்லை. ஆனாலும் உயிரோடு இருக்கிறான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஐஸ் வைத்தது வைத்ததுதானே. முந்தாநாள் கொத்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். செத்தானா இருக்கானான்னு தெரியாம என்னால இருக்க முடியல, தோண்டிப் பாத்துர்றேன் என்றார். நான் குறுக்கே போய் நின்றேன். தோண்டினால் நண்டு போய்விடும். அதைவிட, அதற்கப்புறம் உன்னைக் கூப்பிட்டுக் கேட்க அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான், அவனக் கேக்காமத் தோண்டினா நான் சும்மா இருக்க மாட்டேன் என்றேன். கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். ஒரு பீடி நேரம் கழித்து வந்து, அவன் நம்பர இந்தப் போன்ல எப்படி எடுக்கிறது என்றார். அய்யா, எனக்கு அடுப்பு தெரியவில்லை, சுவர் தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். சொல்லிக்கொடுத்தேன். வேலை நாள்ல வேணாம், ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து பத்து மணிக்கு அடிக்கிறேன், அவன் என்ன சொல்றானோ சொல்லட்டும், இல்லாட்டித் திங்கக்கெழம தோண்டிருவேன் என்றார்.

லாக் புக்கின் கடைசிப் பக்கத்தில் உன்னிடம் பேச வேண்டியதை எழுதி வைத்திருக்கிறார். அவர் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். முதல் வரி, ஐஸ் வைத்தது நான், அம்மா மேல் தப்பு இல்லை. அதற்குக் கீழேதான் மணல், ஈரம், எத்தனை நாள் என்கிற கேள்வியெல்லாம். ஆகவே நான் சொல்வதைக் கவனி. நீ முந்திக்கொண்டு கூப்பிடாதே. அவர் சௌக்கியமா என்றெல்லாம் கேட்க மாட்டார், எடுத்த எடுப்பில் ஐஸ் கதையைத்தான் சொல்வார். அதெல்லாம் பரவால்லப்பா, விடுங்க என்று உடனே சொல்லிவிடாதே. சொன்னால் பேச்சு முடிந்தது என்று போனை என் கையில் கொடுத்துவிடுவார். எத்தனை கிலோ வச்சீங்க, எத்தனை மணிக்கு, எவ்வளவு டிகிரி எறங்குச்சு என்று கேள். எல்லாம் எழுதி வைத்திருக்கிறார், ஒன்று விடாமல் வாசிக்கட்டும். தோண்டாதீங்க என்பதை நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் நிற்கும். மற்றபடி ஊரில் பெரிய சேதி இல்லை. உன் சித்தி மகள் பிளெஸ்ஸிக்குப் பெண் குழந்தை, ஜூனில் ஞானஸ்நானம், வளையல் வாங்க நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஒரு வார்த்தை போனில் பேசிவிடு. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, ஒரு மழை பெய்தால் தேவலை. அவர் வண்டிச் சத்தம் கேட்கிறது, மடித்து வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை.

நேற்றே பிரகதீஸ்வரியிடம் கொடுத்துவிடாதது நல்லதாகப் போயிற்று. காலை ஐந்தரைக்கு வாசல் தெளித்துவிட்டு வந்து, வழக்கம் போல மோந்து பார்க்க மூடியைத் தூக்குகிறேன், உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் பெரியவன் உட்கார்ந்திருக்கிறான். மாதாவே என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். அவனேதான், ஆனால் சாம்பல் போய்க் கால் எல்லாம் கருஞ்சிவப்பில் பளபள என்று, இடது கொடுக்கு முன்னைவிடப் பெரிதாக, ஒரு கால்கூடக் குறையாமல். என்னைப் பார்த்ததும் பாதி உள்ளே இழுத்துக்கொண்டு, பிறகு மெல்லக் கண்ணை நீட்டிப் பார்த்தான். எனக்கு வந்த சந்தோஷத்தில் உன் அப்பாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். மோட்டார் போடக் கிணற்றடிக்குப் போயிருந்தார், ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அவரைத் தெரியாதா. பார்த்தால் சிரிப்பார், லாக் புக்கில் இருக்கிறான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார், அதான் வந்துட்டானே, இனி எதுக்கு அவனப் போயித் தொந்தரவு பண்ணிக்கிட்டு என்பார், ஞாயிற்றுக்கிழமை அதோடு போய்விடும். இன்னொரு முப்பத்தெட்டு நாளுக்கு நான் எங்கே போவேன்.

உரித்து வந்த நண்டை மற்றது சீண்டாமல் கொஞ்ச நாள் தனியாக வைக்கலாம் என்று உன் நோட்டிலேயே இருக்கிறது, அதனால் இதில் என் மேல் குற்றம் இல்லை. நீ வைத்துவிட்டுப் போன சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் ஈர மணலும் இரண்டு கிண்ணமும் வைத்து, கரண்டியால் அவனை அலுங்காமல் எடுத்து விட்டேன். குழியை மூடி மணலைத் தடவிச் சமமாக்கிவிட்டேன். டப்பா அடுப்படியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது, மூடியில் காற்றுக்கு ஓட்டை இருக்கிறது, ஈரத் துணி போட்டிருக்கிறேன், தேங்காய் வைத்ததும் தின்கிறான். ஆறு மணிக்கு உன் அப்பா வந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், பெரியவன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. என்னை மூன்று வருஷம் தவிக்கவிட்டார், இரண்டு நாள் தவிக்கட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு காபி போடப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவர் இட்லி சாப்பிட உட்காரும்போது நான் பெரியவனைத் திரும்பத் தொட்டிக்குள் விட்டு, வலது மூலையில் கவிழ்த்திருக்கிற சிரட்டைக்குள் வைத்துவிடுவேன். பகலில் அங்கேயே பதுங்கிக் கிடப்பான். நீ செய்ய வேண்டியது இதுதான். ஐஸ் கதை முழுக்கச் சொல்ல விடு. கேள்வியெல்லாம் கேட்க விடு, ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல். வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று அவராகக் கேட்டால் அதற்கும் சொல், கேட்காவிட்டால் நீ கேள், அப்பா உங்க முட்டிவலி எப்படி இருக்கு என்று கேள். பேச ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் சும்மா இருப்பீர்கள், அப்போது சொல். அப்பா, தோண்ட வேணாம், அந்த மூலைச் சிரட்டைய மட்டும் தூக்கிப் பாருங்க என்று சொல். அம்மாதான் சொன்னாள் என்பது அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும், கத்துவார், என்னிடம் கத்தட்டும், நான் பட்டுக்கொள்கிறேன். நீ மட்டும் போனை வைத்துவிடாதே அய்யா. அவர் போய்த் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பேசுகிற வரைக்கும் லைனிலேயே இரு, எவ்வளவு நேரம் ஆனாலும் இரு. வந்து அழுதார் என்றால் சிக்னல் சரியில்லை, கேக்கலப்பா என்று சொல்லிக்கொள்.

மாதா உன் தலைமேல் கை வைத்து, போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்களையும் சூடான சோற்றையும் காட்டட்டும். கைக்கு எண்ணெய் மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. அருள்ராணி

நம் நேரம் பத்து மணி என்றால் உனக்குப் பன்னிரண்டரை. போனில் சார்ஜ் முழுசாக இருக்கட்டும்.